மாடனுக்கு நேர்ந்த கால்

கிரீஸ் நாட்டுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. பிரேயஸ் என்ற துறைமுகத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தம்பி பூதலிங்கம் கிடந்தான். கப்பலில் சமையல் வேலை. இரும்புப் படியில் வழுக்கி விழுந்து பாதத்தில் வெட்டு. சர்க்கரை உள்ள உடம்பு. கப்பல் கரை சேரும்போது பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவன் மாட்டேன் என்றான். கப்பல் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

சம்மதிக்க வைக்க வீட்டு ஆள் யாராவது வந்தால் நல்லது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். தம்பி மனைவி பார்வதி கரமனையிலிருந்து பஸ் பிடித்து என் கடைக்கு வந்தாள். என் கடை என்றால் என்னுடையது இல்லை. சாலைக் கம்போளச் சந்தையில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் நிறுத்துப் போடுகிறவன் நான். மிளகாய் மூட்டைப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"அத்தான், நீங்க போங்கோ. காலில்லாம வந்தாலும் போரும். ஆள் வரணும்."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதுவரை போன தூரம் மெட்ராஸ்தான். செரி என்றேன்.

போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை. கம்பெனி ஏற்பாட்டில் ஒரு கார்க்காரர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர், பெயர் யோகன். அங்கே போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். கிரேக்க மொழியை நம்ம ஆட்கள் மலையாளம் பேசுவதுபோல யோசிக்காமல் பேசினார்.

"அண்ணை, தம்பி நல்ல பெடியன். ஆனா சரியான பிடிவாதம். டொக்டர் சனிக்கிழமைக்கு மேல பொறுக்கேலாது எண்டுட்டார்."

"பொறுத்தா?"

"முழங்காலுக்கு மேல எடுக்கவேணும். அதுக்கும் மேல போனா ஒண்டும் செய்யேலாது."

தம்பி என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். வாடை வந்தது. மூடினேன்.

"லேய் பூதம், எடுத்திரலாம்லே."

"நீ சாயா குடிச்சியா?" என்றான்.

அன்று அவ்வளவுதான் பேச்சு.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு பருப்புச் சூப்பு, ரொட்டி. பருப்பு நம்ம மைசூர்ப் பருப்பின் அண்ணன் மாதிரி, தோலோடு இருந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒலிவக் காய். உப்பிலிட்ட நெல்லிக்காய் என்று நினைத்து வாயில் போட்டேன். கசந்தது. துப்ப இடமில்லை, விழுங்கினேன். இன்னொரு கிண்ணத்தில் பாலில் வெந்த அரிசி, மேலே பட்டைத்தூள். ஆறிப்போன பால்பாயசம். அது பிடித்தது.

அந்த ஊரில் இல்லை என்று சொல்ல, தலையை மேலே தூக்கி நாக்கால் 'ச்' என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். எங்கள் கடையிலும் அதுதான் வழக்கம். அதனால் யார் மறுக்கிறார்கள் என்பது மட்டும் முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் டாக்டர் சுற்றி வரும் நேரம், வெளியே இருக்கச் சொன்னார்கள். யோகனுக்கு ஏதென்ஸில் வேறொரு சவாரி இருந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டார். பெரிய பாறைக் குன்றின் மேல் தூண்கள் தெரிந்தன. எல்லோரும் அதைப் பார்க்கத்தான் மேலே ஏறுகிறார்கள். யோகன் என்னைக் குன்றின் சரிவில், பாதியிலேயே நிறுத்தினார்.

"உங்களுக்கு இதுதான் பொருத்தம். இது வைத்தியக் கோயில், அண்ணை."

கோயில் என்று ஒன்றும் இல்லை. உடைந்த கல், புல், இரண்டு பூனை. பழைய காலத்தில் நோயாளிகள் இங்கே வந்து குளித்து, படையல் போட்டு, மண்டபத்தில் படுத்துத் தூங்குவார்களாம். கனவில் சாமி வந்து மருந்து சொல்லும், இல்லாவிட்டால் கையால் தொட்டுக் குணமாக்கும். நம்ம பக்கத்தில் நோய் தீரக் கோயிலிலேயே தங்கிப் பஜனம் இருக்கிறார்களே, அதேதான். குணமானவர்கள் கல்லில் காலோ கையோ செய்து சார்த்துவார்கள்.

"எந்தச் சாமி?" என்று கேட்டேன்.

"அஸ்கிளேப்பியோஸ் எண்டு பேர். மனுசத் தாய்க்குப் பிறந்தவர், தகப்பன் கடவுள். வைத்தியம் கூடிப்போய்ச் செத்த ஆக்களையும் எழுப்பிப் போட்டார். பெரிய கடவுள் ஜீயஸ் இடியை எறிஞ்சு ஆளைக் கொன்றுபோட்டுது."

"செத்தா பிறகு எப்படிச் சாமி?"

"அதுக்குப் பிறகுதான் சாமி."

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் குடும்பக் கோயிலைச் சுற்றி நிற்கிற பீடங்களில் பாதி, வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்தவர்களுடையது. செத்தபிறகுதான் அவர்களுக்குக் கொடைவிழா.

யோகன் சவாரியோடு போய்விட்டார். நான் தனியாகத் திரும்பினேன். மேலே கம்பியில் இரண்டு கொம்பை மாட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். ஒரு வளைவில் கொம்பு கழன்றுவிட்டது. டிரைவர் பேசாமல் கையுறை போட்டுக்கொண்டு இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து மாட்டினார். கழன்றது. மறுபடி மாட்டினார். உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க் கிழக்கேகோட்டையில் இப்படி ஒரு பஸ் நின்றால் அரை பஸ் இறங்கி டிரைவருக்கு வழி சொல்லும்.

மத்தியானம் தம்பியிடம் அந்த வைத்தியச் சாமி கதையைச் சொன்னேன். பெரிய வைத்தியனுக்கே ஓர் எல்லை இருந்திருக்கிறது, இந்த டாக்டர் சொல்வதைக் கேள் என்று முடித்தேன்.

"அது அவங்க சாமி. மாடன் கேக்க மாட்டான்" என்றான்.

எங்கள் குலதெய்வம் மாடன் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு உடைந்த ஒரு கிழவர். அவர் மனைவி கறுப்பு உடை, காலையில் வந்தால் சாயங்காலம்தான் போவாள். அவள் பையிலிருந்து ஒரு தகரத் தகடு எடுத்து எங்களுக்குக் காட்டினாள். அதில் ஒரு கால் அச்சடித்திருந்தது. கிழவரைக் காட்டினாள், மேலே கையைக் காட்டினாள், கழுத்தில் மாட்டுவதுபோலச் செய்தாள். பாஷை வேண்டியிருக்கவில்லை. கிழவர் நடந்தால் மாதா படத்துக்கு இந்தக் காலைச் சார்த்தப் போகிறாள்.

"பாருலே. இவங்க இப்போ கிறிஸ்தியானி. சாமி மாறியாச்சு, கால் மாறல்ல. நீயும் வெள்ளியில ஒரு கால் நேந்துக்கோ. ஊருக்குப் போய்ச் சார்த்தலாம்."

 தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் நேந்தாச்சுண்ணே. கப்பல்ல வச்சு. நல்ல காய்ச்சல். கரையே காணல்ல. 'மாடா, இந்தக் கால் உனக்கு, எடுத்துக்கோ, உயிரை விட்டுரு'ன்னு சொல்லிட்டேன்."

"வெள்ளிக்காலுன்னு சொன்னியா?"

"இல்ல. காலுன்னு சொன்னேன். இந்தக் கால்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பக் கோயில் தோவாளைக்குத் தெற்கே வயல் நடுவில் இருக்கிறது. கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும். அதில் ஒரு கதை வரும். மாடனுக்கு நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடாவை ஒரு பண்ணையார் சந்தையில் விற்றுவிடுவார். வாங்கினவன் வெட்டித் தின்றுவிடுவான். மாடன் பண்ணையாரை ஒன்றும் செய்யமாட்டான். அவர் மகளை எடுத்துக்கொள்வான். அந்த இடம் வரும்போது பெண்கள் தங்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள்.

"நேந்த பொருளை உத்தரவு இல்லாம எவனோ வெட்டினா அது களவு," என்றான் தம்பி. "டாக்டர் வெட்டுவார், மாடன் என்னை விட்டுருவான். எனக்கு ஒத்தைக்கு ஒரு மகள்."

"அப்போ நீ செத்தா?"

"கால் என்கூடப் போகும். அவனுக்குள்ளது அவனுக்குப் போயாச்சு. பிள்ளை தப்பும்."

இதைத்தான் அவன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். பயந்துகொண்டு மறுக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவன் சாவதற்குத் தீர்மானித்து மறுத்துக்கொண்டிருந்தான்.

"கோயிலுக்கு என்னைக் கொண்டு போ. அங்க வச்சு உத்தரவு கேட்டு எடுக்கட்டும்" என்றான். யோகன் வந்தபிறகு டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் தலையை மேலே தூக்கினார், 'ச்'.

இரவு பார்வதி போனில் கேட்டாள். "செரியாகுமா அத்தான்?"

"செரியாக்கிட்டுத்தான் வருவேன் மக்கா" என்றேன். எப்படி என்று தெரியாது.

வியாழக்கிழமை யோகன் இரண்டு வெள்ளைக்காரர்களை மியூசியத்துக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தால் தலை வேலை செய்யவில்லை. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம், அவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு டீச்சர். எல்லோரும் ஒரு பெரிய மண் ஜாடி முன்னால் நின்றார்கள். ஜாடியில் படம் வரைந்திருந்தது. கொம்பில் மாலை கட்டிய ஒரு மாடு, முன்னால் மேடை, தண்ணீர்ச் செம்போடு ஓர் ஆள்.

நான் நின்றுவிட்டேன். அது எங்கள் கொடைதான். மாட்டுக்குப் பதில் கிடா, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்ன சொல்லுகா அந்தம்மா?" என்று யோகனிடம் கேட்டேன். அவர் காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அந்தக் காலத்து ஆக்களுக்கு வேதப் புத்தகம் ஒண்டும் இல்லையாம். மனசுக்குள்ள என்ன நம்புறாய் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினமாம். சடங்கைச் சரியாச் செய்யவேணும், அதுதான் சமயம். கதை ஊருக்கு ஊர் வேற வேறயாச் சொல்லுவினமாம்."

எங்களையும் யாரும் கேட்டதில்லை. கொடைக்கு வந்தாயா, வரி கொடுத்தாயா, தீர்ந்தது.

டீச்சர் செம்பைக் காட்டினார். யோகன் சொன்னார். "மாட்டின்ர தலையில தண்ணி தெளிப்பினமாம். அது தலையை ஆட்டினால் சம்மதம். அதுக்குப் பிறகுதான் வெட்டுறது."

எங்கள் கொடையிலும் அதேதான். கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது குலுக்கினால் மாடன் உத்தரவு கொடுத்துவிட்டான் என்று குலவை போடுவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். மாடு ஆட்டவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். டீச்சர் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிப்பினமாம்" என்றார் யோகன்.

"அங்கயும் அதுதானா?" என்றேன்.

"என்னண்ணை?"

"ஒண்ணுமில்ல. வெட்டினபிறகு என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க."

அவர் கேட்டார். இறைச்சியை மனுஷர்கள் தின்பார்கள். எலும்பைக் கொழுப்பில் சுற்றித் தீயில் போடுவார்கள். புகை சாமிக்கு. அதற்கும் ஒரு கதை உண்டு. புரொமீதியஸ் என்று ஒரு தந்திரக்காரன் இரண்டு பங்கு வைத்து, எலும்பின்மேல் நல்ல கொழுப்பைப் பரப்பி ஜீயஸிடம் எது வேண்டும் என்று கேட்டான். சாமி பளபளப்பைப் பார்த்து எலும்பை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எலும்பு மேலே, இறைச்சி கீழே. சாமிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா, தெரிந்தேதான் எடுத்தது என்றும் ஒரு கட்சி உண்டாம்.

கப்பலில் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று இன்னொன்று கேட்கச் சொன்னேன். கோயில் வேண்டாம், கப்பல் ஓரத்தில் நின்று கடலில் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. அது போதும் எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை யோகனோடு போய்த் துறைமுகத்துப் பக்கம் ஒரு வங்காளக்காரர் கடையில் மஞ்சள்பொடி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். வேப்பிலைக்கு வழியில்லை. கறுப்புடை அம்மாள் ஜன்னலில் ஒரு சட்டியில் துளசி மாதிரி ஒரு செடி வைத்திருந்தாள். ஒரு கொத்துக் கேட்டுக் கை காட்டினேன். ஒடித்துத் தந்தாள்.

தம்பி மஞ்சளைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"இங்க வச்சா? இது என்ன கோயிலா?"

"கப்பல் கோயிலா? அங்க வச்சு நீ சொன்னது மாடனுக்குக் கேட்டுதா இல்லியா?"

மஞ்சள்பொடியை இரண்டு பாட்டிலிலும் போட்டுக் கலக்கி, ஒன்றைக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

"கேக்கல்லேன்னா நீ நேரவே இல்ல. காலை எடுக்கலாம். கேட்டுதுன்னா இங்கயும் கேக்கும். எதுன்னு சொல்லு."

"கேட்டுது" என்றான்.

"அப்போ எழும்பி உக்காரு."

"உத்தரவு காலுக்குல்லா கேக்கணும். காலுக்குத்தான் உணர்வே இல்லியே, அது எப்படிக் குலுக்கும்?"

"கிடாவுக்கு வெட்டு கழுத்துல. தண்ணி ஊத்துறது முதுகுல. குலுக்கறது முழுக் கிடா. நீ கொடையே பாத்ததில்லியாலே?"

அந்த நேரம் பெரிய நர்ஸ் உள்ளே வந்தாள். மஞ்சள் தண்ணீரைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். யோகன் தீர்த்தம் என்று கிரேக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அவள் செடிக்கொத்தைப் பார்த்தாள். அவர்கள் பாதிரியாரும் இதே செடியால்தான் தீர்த்தம் தெளிப்பாராம். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றாள்.

நான் தெற்கும் கிழக்கும் பார்க்கவில்லை. தெரியவும் தெரியாது. "மாடா, உனக்கு நேந்த கால். கெட்டுப்போகுது. வைத்தியர் கையால எடுத்து உனக்குத் தாறோம். உத்தரவு குடு" என்றேன். கொத்தை முக்கித் தலையில் தெளித்தேன்.

தம்பி அசையவில்லை. பல்லைக் கடித்து உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேண்டுமென்றே குலுக்கிவிட்டால் பொய்யாகிவிடும் என்ற பயம் அவனுக்கு. இரண்டாம் தரம் தெளித்தேன். இல்லை. பக்கத்துக் கட்டில் கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மாடன் தரமாட்டான்" என்றான் தம்பி. 

"கிடா குலுக்கல்லேன்னா கொடையில கிடாவை வீட்டுக்கா கொண்டு போறாங்க?"

கொத்தைக் கீழே வைத்தேன். பாட்டிலைக் கவிழ்த்து அப்படியே பிடரியில் ஊற்றினேன். தண்ணீர் முதுகெலும்பு வழியாக இறங்கியது. அவன் தலையிலிருந்து இடுப்புவரை ஒரு குலுக்குக் குலுக்கினான். தோள் துடித்தது. மஞ்சள் தண்ணீர் நர்ஸின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. கறுப்புடை அம்மாள் என்னவோ சத்தமாகச் சொன்னாள்.

"ஐஸ் தண்ணியாண்ணே ஊத்தின, பாவி?" என்றான் தம்பி.

"கொடையில வெந்நியா ஊத்துகான்?"

என்னை முறைத்தான். நானும் பார்த்தேன். முகத்தில் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. முதலில் அவன் வாய் கோணியது. பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று வந்தது. அது முடிகிறவரை நான் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"குலுக்கினது நான்தானே? நீ பிடிச்சு ஆட்டல்லியே?"

"நான் தொடவே இல்ல. யோகன் அண்ணாச்சி சாட்சி."

"ஓம் தம்பி. நல்லாக் குலுக்கினீர்" என்றார் யோகன்.

நான் ஏமாற்றினேனா என்று பிறகு ஒரு தடவை யோசித்துப் பார்த்தேன். இல்லை. மாடனுக்கும் தெரியும், கிடாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், எல்லாக் கொடையிலும் இதுதான் நடக்கிறது.

தம்பி சட்டை மாற்றிக்கொண்டு நிதானமாக இன்னொன்று கேட்டான். "எடுத்த காலை எங்க போடுவாங்க? குப்பையில போட்டா நேந்தது போய்ச் சேராது."

அதற்கு டாக்டரையே கேட்டேன். யோகன் மொழிபெயர்த்தார். குப்பையில் போடமாட்டோம், மூடிய பெட்டியில் கொண்டுபோய் எரித்துவிடுவோம் என்றார் டாக்டர். ஏன் கேட்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

"எரிக்கிறது இந்த ஊர்ப் பழைய வழக்கம்தான்லே. எலும்பு தீயில, புகை சாமிக்கு" என்று புரொமீதியஸ் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அவன் ஏமாத்தி வெறும் எலும்பைக் குடுத்தான். நான் சதையோட குடுக்கேன்" என்றான். கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலையில் எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எள்ளு ஒட்டிய வளைய ரொட்டி ஒன்றை யோகன் தந்தார். தின்றேனா இல்லையா என்று நினைவில்லை. டாக்டர் வந்து முழங்கால் தப்பிவிட்டது என்றார். பார்வதிக்குப் போன் பண்ணினேன்.

"மகள்கிட்டச் சொல்லு, அப்பா வாறாருன்னு" என்றேன்.  "செரி அத்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு நல்ல தெளிவு வந்தது. போர்வை ஒரு பக்கம் தாழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, கால் அரிக்குது."

"எந்தக் கால்?"

"எடுத்த கால். உள்ளங்காலில. யாரோ விரலால தடவிப் பாக்கிற மாதிரி."

நர்ஸிடம் சொன்னால் அதற்கு ஏதாவது பெயர் சொல்லியிருப்பாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

"மாடனுக்குக் கிட்டியிருக்கும்லே" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த அரிப்பைக் கவனித்தான்.

"ஆமாண்ணே," என்றான். "கிட்டியாச்சு. திங்க என்ன இருக்கு?"